உருளைக்கிழங்குச் சாக்கு

ஈரச் சாக்கு விறைத்துப்போய்ப் பலகை மாதிரி நிற்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சேனாதிபதி அன்றைக்குத்தான் பார்த்தான். அடிவாரத்து வெயிலில் வளர்ந்த கன்னிவாடிக்காரன் வேறெங்கே பார்ப்பது?

ஐம்பத்தெட்டாம் வருஷத்து மார்கழி. மலைமேல் செண்பகனூரில் ஒரு பங்களாத் தோட்டம். கண் போகிற தூரத்துக்கும் மரம். அதற்கு நடுவில் சிமெண்டில் மரம் செய்யத்தான் அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். நிஜ மரத்தில் வேலி போட்டால் மழையில் இற்றுப்போகிறதாம்.

ஒவ்வொரு தூணையும் அடிமரம் போலப் பூசுவான். பூச்சு இறுகும் முன்னால் கத்தியால் பட்டை கீறி, உடைந்த சீப்பால் ரேகை இழுத்து, கட்டைவிரலை அழுத்திக் கணு வைப்பான். அடுப்புக்கரியும் காவியும் குழைத்து நிறம் ஏற்றுவான். கோயில் கோபுரத்தில் யாளி முகம் பிடித்த கை.

பங்களா அம்மா தினமும் வந்து பார்த்தாள். தினமும் உதட்டைப் பிதுக்கினாள்.

“நேச்சுரலா இல்ல மேஸ்திரி. மரத்தப் பாத்துப் படம் வரைஞ்ச மாதிரி இருக்கு. கடைசித் தூணும் இப்படித்தான்னா நீங்க கீழ எறங்கிரலாம். மதுரையில வேற ஆள் இருக்காங்க.”

மலையிலேயே பெரிய மேஸ்திரி ஆகிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவன் அவன். கரணைப் பையோடு கன்னிவாடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ‘என்னப்பா, மலை உருட்டி விட்டுருச்சா?’ என்று டீக்கடையே கேட்கும்.

அதனால் அந்தக் கடைசித் தூணை உயிரைக் கொடுத்துச் செய்தான். பூச்சு வெடிக்காமல் இருக்க, ஊர் வழக்கப்படி ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டுப் படுத்தான்.

சாக்கு தோட்டக்காரர் உபகாரத்தினுடையது. பங்களாவுக்குப் பின்னால் தன் பாட்டுக்குக் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டிருந்தார் அவர். சாக்கு மட்டுமா, சேனாதிபதி படுக்கும் இடமும் போர்த்தும் கம்பளியும் அவர் கொடுத்ததுதான்.

விடிந்து பார்த்தால், புல்லெல்லாம் உப்பைக் கொட்டினாற்போல உறைந்து கிடந்தது. சாக்கு தூணோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது.

பிடித்து இழுத்தான்.

மேல்பூச்சு சாக்கோடு பிய்ந்து வந்துவிட்டது. ரேகை போச்சு. கணு போச்சு. சொறி பிடித்த மாதிரி நின்றது தூண்.

பின்னால் செருப்புச் சத்தம். அம்மா.

அவள் தூணைத் தடவினாள். செதிலும் வெடிப்புமாய் இருந்த இடத்தில் விரல் நின்றது.

“இது மரம்,” என்றாள். “எப்படிச் செஞ்சீங்க?”

“கைப்பழக்கந்தாங்க,” என்றான் சேனாதிபதி.

“அப்ப மிச்சத்தையும் இப்படியே செஞ்சிருங்க. நாளைக்குக் காலையில வந்து பாக்குறேன்.”

அன்று பகல் முழுக்க, தான் இழுத்த ரேகைகளைத் தானே கொத்தித் தள்ளினான். புதுப்பூச்சை அப்பினான். சீப்பைத் தொடவே இல்லை. மிச்ச வேலை பனியுடையது.

சாயங்காலம் தோட்டக்காரரிடம் இருந்த சாக்குகளையெல்லாம் எடுத்துவந்து தொட்டியில் முக்கி, தூண்தூணாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது உபகாரம் வந்தார்.

“மேஸ்திரி, எஞ்சாக்கக் கொஞ்சம் தாறீங்களா? நேத்துப் பனி புல்லோட நின்னுருச்சு. இன்னைக்கு வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல. செடிய மூடலைன்னா வருசத்துச் சோறு போயிரும்.”

சேனாதிபதி சாக்கின் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

“பூச்சு பச்சையாக் கெடக்குண்ணே. இப்ப எடுத்தா வெடிச்சிரும்.”

உபகாரம் தலையாட்டினார். தொழில் தெரிந்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

“சரி, உங்க சோலியும் கெடக் கூடாதுல்ல. நான் மாதாகிட்டச் சொல்லிட்டேன். நீங்களும் உங்க பழனியாண்டவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க, பனி விசயமா.”

“சொல்றேண்ணே.”

சொன்னான். உபகாரத்தின் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு, பழனி இருக்கும் திசைக்குக் கைகூப்பி, மனதாரச் சொன்னான்.

மறுநாள் காலையில் தூண்கள் எல்லாம் மரமாகியிருந்தன. உபகாரத்தின் உருளைக்கிழங்குச் செடிகள் கருகிக் கிடந்தன.