ஒப்பீட்டுக் கட்டடம்

திரையில் சிவப்புக் கோடு, அவன் வரைந்த கட்டடம். பச்சைக் கோடு, அவன் வீடு.

நிறம் மாறி விழுந்திருக்கும் என்று பக்கத்தை மூடித் திறந்தான்.

மாறவில்லை.

கட்டடக்கலை ஐந்தாம் ஆண்டில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்திருந்தான். நாம் வரைந்ததோடு ஒப்பிட, ஊரிலேயே மோசமான கட்டடம் ஒன்றை, சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யும் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அது எவ்வளவு மோசமோ, பக்கத்தில் நம்முடையது அவ்வளவு பசுமையாகத் தெரியும். போன வருட சீனியர் ஒருவர் கல்யாண மண்டபம் ஒன்றைக் கொடுத்துப் பதக்கமே வாங்கினார்.

அவசரத்துக்கு அவன், பழைய அரசுக் குடியிருப்பில் இருந்த தன் வீட்டைக் கொடுத்தான். யார் வீடு என்று எழுதவில்லை.

அவன் வரைந்த குடியிருப்பில் மூங்கில் முகப்பு இருந்தது. சூரியத் தகடுகள், இரட்டைக் கண்ணாடி, மாடித் தோட்டம். படம் அழகாக இருக்கட்டும் என்று இரண்டு கொக்குகளையும் ஒட்டியிருந்தான்.

அவன் வீட்டிலோ ஏசி இல்லை. லிஃப்ட் இல்லை. இருநூற்று நாற்பது சதுர அடியில் ஐந்து பேர் என்பதால் தலைக்கு விழும் கார்பன் மிகச் சொற்பம். கோடையில் மொட்டைமாடியில் படுப்பதை 'இயற்கைக் குளிரூட்டல்' என்று செயற்கை நுண்ணறிவு மெச்சியிருந்தது. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறும் விதம் என்ற இடத்தில் 'குடம்' என்று உண்மையை எழுதியிருந்தான். அதில் உமிழ்வே இல்லையாம்.

பரிந்துரைக்கும் மாற்றங்கள்: ஏதுமில்லை.

அந்த வீட்டை இதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. என்ன முகம் வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியை மங்கையர்க்கரசி பின்னால் வந்து நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தான்.

அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி பார்த்தார். கொக்கு ஒட்டிய படத்தை விட்டுவிடச் சொன்னார். இனி இந்தப் பச்சைக் கோடுதான் ஆய்வு. பழைய குடியிருப்புகளை என்ன செய்வது என்று பார்க்கும் அரசுக் குழு ஒன்றில் அவர் இருந்தார். மூன்று மணிக்குக் கூட்டம். அறிக்கையைக் கையோடு கொண்டுபோவதாகச் சொன்னார். இதை வடிவமைத்த மகானுபாவர் யார் என்றும் விசாரித்தார்.

தெரியாது மேடம் என்றான். அது உண்மைதான்.

ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. குடியிருப்போர் திருப்தி, ஒன்று முதல் பத்து வரை. அதை நிரப்பாமல் அறிக்கை வராது. அறிக்கை வராமல் பட்டம் வராது.

"அங்க இருக்கிற யாரையாவது கேட்டுப் போடுப்பா. நீயா அடிச்சு விடாத," என்றார் மேடம்.

வராந்தாவுக்குப் போய் அம்மாவுக்கு போன் போட்டான்.

வீட்டுக்கு மார்க்கா என்று அம்மா சிரித்தாள். யார் கேட்கிறார்கள் என்றாள். கம்ப்யூட்டர் என்றான். அது போய் யாரிடம் சொல்லும் என்றாள். கவர்மென்ட்டில் ஒரு குழு என்றான்.

சிரிப்பு நின்றது.

குழாயடியில் குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"புதுசா கட்டித் தரப் போறாங்கன்னா ஒண்ணு போடு. இடிச்சிட்டு ஊருக்கு வெளிய தள்ளப் போறாங்கன்னா பத்து போடு. இன்னான்னு கேட்டுக்கினு போடுடா."

உள்ளே வந்து கேட்டான்.

குழு இன்னும் முடிவெடுக்கவில்லை என்றார் மேடம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுக்கும்.

அம்மா சொன்னதை மனதுக்குள் ஒருமுறை முன்னிருந்தும், ஒருமுறை பின்னிருந்தும் சொல்லிப் பார்த்தான். ஒன்று போட்டால் இடிப்பார்களோ, பத்து போட்டால் இப்படியே விட்டுவிடுவார்களோ.

மணி மூன்றாக எட்டு நிமிடம். மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவன் கட்டத்தில் 'ஒன்று' தட்டினான்.

விரல் நகர்ந்து, பூஜ்யத்தின் மேல் நின்றது.