கேட் பூட்டும் நேரம்

மலையிடுக்கில் நடக்க வருகிறவர்கள் போன பிறகு கேட்டைப் பூட்டுவது என் வேலை. உள்ளே வரவும் வெளியே போகவும் அந்த ஒரு கேட்தான். பூட்டுமுன் காட்டுக்குள் ஆற்றோரமாகவே ஏறி, பாறைத் திருப்பத்தில் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கத்துவேன். எதிர்ப்பாறை அதையே திருப்பிக் கேட்கும். வேறு பதில் வராவிட்டால், "யாரும் இல்ல" என்று எனக்கே சொல்லிக்கொண்டு இறங்குவேன்.

அன்று தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. "ஒரு நாள் லீவு போட்டா குடியா முழுகிடும்?" என்று மகள் போனில் திட்டினாள். அவளுக்கு 'ம்' கொட்டக்கூட எனக்குக் குரல் எழவில்லை.

திருப்பத்தில் நின்று வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

என் குரல்தான். நான் ஏறி வந்த பாதையிலிருந்து கேட்டது. கேட்டுவிட்டு, என்னைப் போலவே கொஞ்சம் காத்திருந்தது. இருக்கிறேன் என்று சொல்ல எவ்வளவோ முயன்றேன்.

"யாரும் இல்ல."

காலடிச் சத்தம் இறங்கிப் போனது. கீழே கேட்டைச் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது.