ஏர்கோன் மழை

“ஏம்மா, உங்க கம்பெனியில எல்லாரும் தூங்குறீங்களா? ஏர்கோன் மாட்டி மூணு நாள்தான் ஆவுது. வீட்டுக்குள்ள மழை பெய்யுது!”

ஹெட்செட்டில் வந்த கத்தலில் மலர்விழி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். ஷா ஆலமில் உள்ள அந்தக் குளிர்சாதன நிறுவனத்தின் புகார் பிரிவில் அவள் சேர்ந்து இரண்டே நாள்தான் ஆகிறது. வேலை பழகுவதற்காக, சீனியர் உஷாராணி எடுக்கும் அழைப்புகளை இன்னொரு ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சாரி சார். எங்க ஒழுகுதுன்னு சொல்றீங்களா?” என்றாள் உஷாராணி.

“எங்கயா? என் பொண்டாட்டி குடை புடிச்சிக்கிட்டு டிவி பாக்குறா லா!”

“சாரி சார். நாளைக்கு டெக்னிஷன் வருவாரு.”

“படகுல வரச் சொல்லு!”

உஷாராணி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவள் அழுகிறாள் என்றே நினைத்தாள் மலர்விழி.

மேசைக்கடியில் கைப்பேசியைத் திறந்து, மேனேஜர் சிவநேசனுக்கு ராஜினாமாக் கடிதம் அடிக்கத் தொடங்கினாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அத்தையின் பூக்கடை இருக்கிறது. மாலை கட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். மல்லிகைப்பூ யாரையும் திட்டுவதில்லை.

உஷாராணிக்கு இருமல் வந்தது. கத்தல் சட்டென்று நின்றது.

“தண்ணி குடிம்மா, நான் இருக்கேன்,” என்றது அதே குரல். அவள் குடித்து முடித்ததும், “எங்க விட்டேன்? ஆங், படகு!” என்று மறுபடியும் ஆரம்பித்தது.

பத்து நிமிடம் கழித்து ஒருவழியாக அழைப்பு ஓய்ந்தது. கடிதமும் முடிந்திருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“எப்படிக்கா தாங்குறீங்க? என்னால முடியாது. நான் வேலைய விடப்போறேன்.”

உஷாராணி கண்களைத் துடைத்தபடி வெடித்துச் சிரித்தாள்.

“அட, அது கஸ்டமர் இல்ல. நம்ம பாலன் அண்ணே! நம்மளோட இங்கதான் வேலை செய்யிறாரு. நேத்தும் இன்னைக்கும் லீவு, கிளாங்ல வீட்டுல இருக்காரு. வாரம் பூரா எல்லார்கிட்டயும் திட்டு வாங்குறோம்ல? லீவு அன்னைக்கு இங்க கூப்பிட்டு எல்லாத்தையும் கொட்டிடுவோம். அப்பதான் மறுநாள் வேலைக்கு வர மனசு வரும். நாளைக்கு எனக்கு லீவு. நான் கூப்பிட்டுத் திட்டுவேன், அவருதான் சாரி சொல்லணும்.”

மலர்விழி கைப்பேசியைப் பார்த்தாள். உஷாராணியைப் பார்த்தாள்.

“அக்கா, எனக்கு எப்பக்கா லீவு?”