கிருமிகளுக்குத் தீபாவளி

நாகஜோதி குழவிக்கல்லால் வெல்லத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். அதிரசத்துக்கு இல்லை. கிருமிகளுக்கு.

திண்டுக்கல்லில் வீடுகளுக்குக் கக்கூஸ் தொட்டி கட்டிக்கொண்டிருந்த அந்தோணிராஜ் கம்பெனி, மளமளவென்று வளர்ந்து, தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் பிளாண்டே கட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. புது பிளாண்டை ஒட்டியே குடியிருந்து அதைப் பார்த்துக்கொள்வது நாகஜோதியின் புருசன் மூக்கையா.

அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது தொட்டியில் இருக்கும் கிருமிகள்தானாம். தீபாவளிக்கு ஷாப்புகள் பூட்டிக் கிடந்தால் அழுக்கு வராது, அதுக பட்டினியில் செத்துப்போகுமாம். அதனால் முதலாளி நாலு மூட்டை வெல்லம் அனுப்பியிருந்தார். ஆட்களுக்கு இந்த வருசமும் போனஸ் கிடையாது என்று கூடவே சொல்லியும் அனுப்பியிருந்தார்.

"கண்ணுக்கே தெரியாததுக்கு நாலு மூட்டை. கண்ணு முன்னாடி நிக்கிற பிள்ளைக்கு ஒரு துண்டு கிடையாதாக்கும்?"

"கம்பெனி சொத்து. தொட்டா வேலை போயிரும்" என்றான் மூக்கையா. உடைக்க உடைக்க அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினான்.

அவன் தலை மறைந்ததும் ஒரு கட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். மகள் அன்புக்கரசி வாயில் அப்பப்போ ஒரு துண்டு போட்டாள்.

மறுநாள் தொட்டி பொங்கிவிட்டது. வெள்ளை நுரை சுவரேறிக் குதித்து ரோட்டுக்கு வந்தது. எரியோடு ஊருக்குப் போகிற பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி, நுரைக்குள் ரோடு எங்கே இருக்கிறதென்று காலால் தேடினார்.

ஜீப்பில் வந்து இறங்கிய அந்தோணிராஜ், எம்புட்டு வெல்லம் போட்டாய் என்று கேட்டார். நாலு மூட்டையும்தான் என்று மூக்கையா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். ஒரு துணுக்குகூட வெளியே போகவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அன்புக்கரசி கன்னம் புடைக்க வந்து நின்றாள்.

"வாயில என்னத்தா?" என்றார் முதலாளி.

"கிருமியோட வெல்லம்."

நாகஜோதி, புருசன் வேலைக்குத் தானே உலை வைத்துவிட்டோமே என்று கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

அந்தோணிராஜ் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டுல ஒரு ஆளுக்காவது வெவரம் இருக்கே. ஏலே மூக்கையா, கிருமிக்கு ரெண்டு உருண்டை போதும்டா. மிச்சம் உங்களுக்குத்தான். மத்த பிளாண்டுல எல்லாம் சொல்லாமலே எடுத்துக்கிடுறாங்க."

அப்படியென்றால் எங்களுக்கென்றே சொல்லித் தந்திருக்கலாமே என்று மூக்கையா முனகினான்.

"வெல்லம் வாங்கினது தோல் ஷாப்காரங்க காசுலடா. ஆளுகளுக்குத் தீவாளின்னு கேட்டா கையை விரிக்கிறாங்க. கிருமிக்குப் பசிக்குதுன்னா அன்னைக்கே மூட்டை வந்து இறங்குது."

அதற்குள் நுரை பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் அடுப்படிக்கே போய்விட, விளக்குமாற்றோடு ஓடிவரச் சொல்லி அவள் கூப்பிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிய நாகஜோதி, முதலாளியைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"அடுத்த தீவாளிக்கு அந்தக் கிருமிகளுக்கு ஒரு சேலையும் கேட்டுப் பாருங்கய்யா. கலர் எதுனாலும் பரவாயில்ல. கூடவே குட்டிக் கிருமிக்கு ஒரு பாவாடை."