காலையில் துடைத்த தரை

"எல்லார் வீட்லயும் இருக்கிற தூசுதாம்மா," என்றார், புகாரை விசாரிக்க வந்து வாசலிலேயே நின்றுவிட்ட அதிகாரி. மாதிரி எடுக்க ஒரு டப்பாகூட அவர் கொண்டுவரவில்லை. தெருமுனையில் பழைய பேட்டரி உருக்கும் ஆலை புகைந்துகொண்டிருந்தது.

"அப்போ ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க சார்," என்றாள் ரெஜினா.

காலையில்தான் துடைத்த தரை. குழந்தை தவழும் மூலைவரை அவரை நடத்திப் போய், அதன் ரத்தத்தில் ஈயம் கலந்திருப்பதாகச் சொன்ன மருத்துவமனைச் சீட்டைக் காட்டினாள். படிக்காமலே தலையாட்டினார்.

ஷூ மாட்டக் குனிந்தவரின் வெள்ளை சாக்ஸ் அடியில் கறுத்திருந்தது. ரெஜினா வாசலை மறித்து, புதுப் பிளாஸ்டிக் கவரை விரித்துப் பிடித்தாள். அன்றைய தேதியை அதில் முன்பே எழுதிவைத்திருந்தாள்.

"நாங்க தூசைக் கூட்டி அள்ளிக் குடுத்தா செல்லாதுன்னு உங்க ஆபீஸ்ல சொன்னீங்க. இது நீங்களே எடுத்தது. கழட்டிப் போடுங்க சார்."