ஒற்றை ஆள் சபை

"சபையார் எழுந்து நிற்கவும்" என்றார் உபதேசியார் ஆசீர் காமராஜ்.

சபையார் எழவில்லை. முதல் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். சபையார் என்றால் மகாராணி. ஒற்றை ஆள்.

போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டத்துக்குள் இருந்த அந்தச் சின்ன சர்ச்சில் ஒரு காலத்தில் நிற்க இடம் இருக்காதாம். குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். உபதேசியார் வந்து சேர்ந்தபோது பெஞ்சுகள்தான் மிச்சம். சில வாரம் பெஞ்சுகளுக்கே பிரசங்கித்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் வந்து உட்கார்ந்தாள். வழிதவறிய ஆடு திரும்பிவிட்டதென்று மனிதர் அன்றைக்கு அழுதே விட்டார்.

வந்த ஆடு தூங்குமூஞ்சி ஆடு என்பது அப்புறம்தான் தெரிந்தது. போதாக்குறைக்கு நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். ஒரு வாரம் ஜாடையாகக் கண்டித்தார். மறுவாரம் நேராகவே, "விசுவாசத்தை விட்ட பின்மாற்றக்காரிகளுக்கு ஐயோ!" என்று மேஜையைக் குத்தினார். அடுத்த வாரமும் அதே குங்குமம், அதே குறட்டை.

ஒற்றை ஆள் என்பதற்காக ஆராதனை முறையைச் சுருக்க முடியுமா? அவள் ஒருத்தியை எழச் சொல்லி, உட்காரச் சொல்லி, காணிக்கைப் பையை அவளிடம் மட்டும் நீட்டுவார். அவள் மடியிலிருந்து ரெண்டு ஏலக்காய் எடுத்துப் போடுவாள். "அடுத்த வாரம் எல்லாரும் குடும்பமாய் வாருங்கள்" என்று அவளிடமே அறிவிப்பும் கொடுப்பார்.

இன்றைக்கு அவருக்கே மனசு விட்டுப்போய்விட்டது. போடியிலிருந்து ஜீப்பில் குலுங்கி, மழையில் இறங்கி நடந்து, காலில் அட்டையைப் பிடுங்கிப் போட்டு, முழங்கால் வலியோடு வந்து எதற்கு? ஆண்டவரே, உமக்கே இங்கே வர இஷ்டமிருக்கிறதா? இன்றோடு சர்ச்சைப் பூட்டிச் சாவியைப் போதகரிடம் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்து, புதுப் பூட்டு ஒன்றும் வாங்கி வந்திருந்தார்.

கடைசிப் பிரசங்கத்துக்குத் தலைப்பு, 'சோர்ந்து போகாதே'. சொல்கிறவருக்கே கொட்டாவி வந்தது.

"மகாராணி!"

அவள் பதறி எழுந்து, "ஆமென்" என்றாள்.

"செபமே ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்ன ஆமென்?"

"கோவிச்சுக்காதீகய்யா. ராவெல்லாம் ஏலக்காய் உலத்துற ஸ்டோர்ல அடுப்புக்கு வெறகு போட்டேன். கண்ணு சொருகிருச்சு."

"அப்ப வீட்டுலயே தூங்க வேண்டியதுதான? நீயெல்லாம் என்ன விசுவாசி? உனக்கு ஞானஸ்நானம் குடுத்தது யாரு?"

"எனக்கு யாருய்யா குடுப்பா? நான் வேதக்காரியே இல்லையே."

உபதேசியார் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருஷமாக ஒரு இந்துப் பொம்பளையையா பின்மாற்றக்காரி என்று ஏசினோம்!

"பொட்டு வைக்கிறதப் பத்தி அம்புட்டு வஞ்சேனே. அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க வேற யாரையோ வய்யிறீகன்னு இருந்துட்டேன்."

"இங்க உன்னய விட்டா வேற யாரு இருக்கா?"

"அதான்யா எனக்கும் வெளங்கல."

உபதேசியாருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வேதாகமத்தைப் பைக்குள் வைத்தார். பூட்டை எடுத்தார்.

"எந்திரி தாயி. இன்னியோட இதப் பூட்டுறேன். நீ போயி நிம்மதியாத் தூங்கு."

அவள் ஒரே எட்டில் வந்து பூட்டைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"பூட்டக் கூடாதுய்யா!"

"இது உன் சாமியும் இல்ல, நீ பிரசங்கமும் கேக்குறதில்ல. சோலியப் போட்டுட்டு வந்து எதுக்குத்தான் உக்கார்ற?"

மகாராணி ஜன்னல் வழியே மேல் சரிவைக் காட்டினாள்.

"அந்தா மேல எங்க காளியாத்தா கோயில். சனம் பூராம் திருப்பூருக்குப் போனதும், கும்பிட ஆளு வரலைன்னு எங்க பூசாரியும் இப்பிடித்தான் பூட்டிச் சாவியோட எறங்கிப் போனாரு. ஆத்தா வெளக்கில்லாம இருட்டுல கெடக்கா. அப்பத்தான் பாத்தேன், இங்க நீங்க ஒத்தையில பேசிக்கிட்டு நின்னீக. நீங்களும் சலிச்சுப் போயிட்டா உங்க சாமியும் இருட்டுலதான கெடக்கும்? அதான்யா, ஸ்டோர்ல இருந்து நேரா இங்க வந்து உக்கார்றேன்."