கண்ணாத்தாள் வீட்டு நகல்

“ரெண்டாவது சர்வர எங்கக்கா ஊட்டுல வைக்கறதுன்னா வையி. ஊரு பேரு தெரியாதவங்கிட்டயெல்லாம் எம்பட தீவனக் கலவைக் கணக்கக் குடுக்க மாட்டேன் சாமி” என்று சொல்லிவிட்டார் மோகன்குமார்.

நாமக்கல்லில் கோழித்தீவன ஆலை வைத்திருப்பவர் அவர். முந்நூறு பண்ணைகளுக்கான கலவை விகிதம், ஆர்டர், லாரி எல்லாம் ஒரே சர்வருக்குள் ஆறு விர்ச்சுவல் மெஷின்களாக, ஆறு தனிக் கம்ப்யூட்டர்கள் போல, ஓடிக்கொண்டிருந்தன. அது படுத்தால் ஆலையே படுத்துவிடும். அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்யத்தான் மைதிலியை வேலைக்கு எடுத்திருந்தார்.

தினம் ஒரு தடவை நகல் எடுத்து வைத்தால் போதும் என்றார் மேனேஜர் குணசீலன். மைதிலி விடவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாமே வெளியூர் சர்வருக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். “ஒரு நாள் வேலை தொலைஞ்சாலும் நான் வேலைய உட்டுப் போயிடறேங்கண்ணா” என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குக் கைவந்த கலை.

இரண்டாவது சர்வர் குமாரபாளையத்தில், மோகன்குமாரின் அக்கா கண்ணாத்தாளின் தறிப்பட்டறையை ஒட்டிய அறையில் போய் உட்கார்ந்தது. கண்ணாத்தாள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தூசி அண்டாமல் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

ஆனாலும் மைதிலிக்கு நிம்மதியில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் நகல் போவது நின்றுவிடும். திங்கட்கிழமை காலையில், செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தில், புதன்கிழமை மத்தியானத்தில். இன்டர்நெட் கம்பெனிக்காரனோடு மல்லுக்கட்டினாள்; ரூட்டரை இரண்டு தடவை மாற்றினாள். கண்ணாத்தாளிடம் கேட்டால், “பொட்டி நல்லாத்தான் ஓடுது சாமி” என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, கூரியர் வந்திருப்பதாகச் சொன்ன மின்னஞ்சலை குணசீலன் திறந்து தொலைத்தார். கொஞ்ச நேரத்தில் சர்வரில் இருந்த ஃபைல் அத்தனையையும் வைரஸ் பூட்டிவிட்டது.

மைதிலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லதைக் கொண்டுபோன வழியிலேயே இந்தச் சனியனும் ஐந்து நிமிடத்தில் குமாரபாளையம் போயிருக்கும். குணசீலன் பேச்சைக் கேட்டிருந்தால் நேற்றைய நகலாவது மிஞ்சியிருக்கும். ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கண்ணாத்தாளைக் கூப்பிட்டாள்.

“அக்கா, அந்தப் பொட்டிய அணைச்சுப்போடுங்க. எல்லாம் போச்சு.”

தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள் கண்ணாத்தாள்.

“எப்புடி சாமி போவும்? பத்தரைக்கே நெட்டு ஒயரைப் புடுங்கிப்போட்டனே. தெனமும் புடுங்கறதுதான், நீ வைவீன்னு சொல்லலை. ராகு காலத்துல வந்து சேர்றது எதாச்சும் உருப்படுமா? இன்னும் ரெண்டு நிமிசத்துல பன்னெண்டு ஆயிரும், சொருகீறட்டுமா?”

மைதிலி கடிதத்தைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்: “வேண்டாங்கக்கா. இன்னைக்குப் பொழுதுக்கும் ராகு காலமாவே இருந்துட்டுப் போவட்டும்.”